ஐந்து வருஷம் நின்ற 207: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டு டாடா 207 டி.ஐ., சின்ன சரக்கு வண்டி, 2004ஆம் ஆண்டு வாங்கியது. பெரம்பூரில் அப்பா நடத்திய பாத்திர வாடகைக் கடைக்காக வந்தது. அண்டா, குண்டான், ஜமக்காளம், நாற்காலி, சில நாள் பந்தல் கொம்பு என்று சுமந்தே பழகியது. 2017இல் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதே சமயம் டிரைவர் அண்ணனும் ஊரோடு போய்விட்டார். கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். ஒரு மாசத்துக்கு என்றுதான் நிறுத்தினோம். ஐந்து வருஷம் நின்றது. 2022 ஆகஸ்டில் எழுப்பினேன். அன்றிலிருந்து இன்று வரை 31,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இப்படி ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு கை பிசைகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஸ்டார்ட் ஆச்சா?" என்பதுதான். நானும் மெக்கானிக்கிடம் அதைத்தான் கேட்டேன். வியாசர்பாடிப் பக்கம் செட் வைத்திருக்கும் பாய் அவர். அப்பா காலத்திலிருந்தே இந்த வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறவர். பானட்டைக்கூடத் திறக்காமல், குனிந்து பின்சக்கரத்துக்கு உள்பக்கம் எட்டிப் பார்த்தார். "ஓடுறத அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. நிக்குமா, அதப் பாரு மொதல்ல."

நிற்கிற நிலையில் இல்லை. பிரேக் பெடல் தரை வரைக்கும் போனது. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரமே உள்ளுக்குள் துருவாகிவிடும். பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டும் கல் மாதிரி இறுகியிருந்தன. டிரம்களைக் கழற்றவே அரை நாள் ஆனது. காரணம் வேறு யாருமில்லை, நான்தான்: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தியிருந்தேன். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனர் அதோடேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. மாசக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுங்கள். ஒரு செங்கல் எனக்கு அரை நாள் கூலியை மிச்சம் பிடித்திருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், லைனர் எல்லாம் புதிதாகப் போட்டோம். இதில் பழசு தேடி அலையவில்லை. பழைய சாமானைத் தொடவே கூடாத இடம் இது.

இன்ஜினுக்கு வருகிறேன். நான் பயந்த அளவுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. இதிலிருப்பது 497 வகை டீசல் இன்ஜின். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். பெயரிலேயே அளவு இருக்கிறது. மொத்தம் 2,956 சி.சி. டாடா 407இலும் இதே குடும்பத்து இன்ஜின்தான் என்பதால், பிஸ்டன் ரிங்கிலிருந்து ஹெட் கேஸ்கெட் வரை எதுவும் கிடைக்காமல் போகாது. சென்சார், கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. டீசல் வர வேண்டும், காற்று வர வேண்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் உறுமும்.

ஆனால் நேராகச் சாவியைப் போட்டுத் திருகிவிடக் கூடாது. பாய் முதலில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலையும் கழற்றினார். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். அப்புறம் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் மாட்டி, கையாலேயே மெதுவாகச் சுற்றினார். ரிங் சுவரோடு ஒட்டியிருக்கும்போது செல்ஃப் மோட்டாரால் இழுத்தால் ரிங் உடையும். முதல் கால் சுற்று வரும்வரை மூச்சு விடவில்லை நான். வந்தது.

டீசல் டேங்கை இறக்கியபோதுதான் வயிறு கலங்கியது. அடியில் தண்ணீர். அதன் மேல் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு படலம். டீசலும் தண்ணீரும் சேருமிடத்தில் வளரும் பாசி மாதிரியான கழிவு அது. டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் மீதி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து நீராகும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம். நாங்கள் கால் டேங்கில் நிறுத்தியிருந்தோம். டேங்கைக் கழுவி, குழாய்களை ஊதி, இரண்டு டீசல் ஃபில்டரும் மாற்றி, பம்ப்பையும் நாசில்களையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து அளவு வைத்து வாங்கினோம். 22,000 ரூபாய். செலவைப் பார்த்து மலைத்தேன். இப்போது கேட்டால், ஒரு ரூபாய்கூட வீண் இல்லை என்பேன். புகைச் சான்று வாங்கும்போது அதன் அருமை தெரிந்தது.

அப்புறம் பாய் ஏர் லாக் எடுத்தார், அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார். கையால் அடிக்கும் பிரைமரை அடித்துக்கொண்டே, ஒவ்வொரு யூனியன் நட்டாகத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை காத்திருக்க வேண்டும். செல்ஃபை மூன்றாவது முறை இழுத்தபோது வண்டி இருமிற்று. நாலாவது முறை பிடித்துக்கொண்டது. வேப்பமரம் முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு அக்கா துணியை எடுக்க ஓடினார்.

இதற்கு நடுவே பெருச்சாளியின் கைங்கரியம் தனி. டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த வயரிங் பாதியைத் தின்றிருந்தது. சீட்டுக்குள் குடும்பமே நடத்தியிருந்தது. ஒட்டுப்போடாமல் முழு வயரிங்கையும் மாற்றச் சொன்னார் எலக்ட்ரீஷியன். நான் கேட்கவில்லை, டேப் சுற்றி ஓட்டினேன். ஆறு மாசத்தில் ஒரு ராத்திரி, மூலக்கடை தாண்டும்போது இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன. மறுநாளே முழுதாக மாற்றினேன். மொத்தம் 9,000 ஆனது. முதலிலேயே செய்திருந்தால் இரண்டு கூலி வந்திருக்காது.

துரு பற்றி நிறையச் சொல்லலாம். உப்புக்காற்று நேராகப் படும் திருவொற்றியூர், காசிமேடு பக்கத்து வண்டிகளைவிட எங்களுடையது தேவலாம். ஆனாலும் மரத்தடியில் நின்றது பெரிய தப்பு. நிழல் தருகிறதே என்று நினைத்தோம். உதிர்ந்த இலை பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் மக்கி, மழைநீர் வடியும் ஓட்டையை அடைத்துவிட்டது. தண்ணீர் கேபினுக்குள் இறங்கியது. டிரைவர் காலடித் தகட்டில் விரலை வைத்தால் அந்தப் பக்கம் வந்தது. நல்ல வேளையாக வண்டியின் அடிச்சட்டமான சேஸ் பலமாக இருந்தது. தகடு வேலை பார்க்கும் டிங்கர் அதைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்த பிறகுதான் வேலையையே ஒப்புக்கொண்டார். சேஸ் மட்டும் பொத்தலாக இருந்திருந்தால் நானும் பழைய இரும்புக்காரரிடம் 60,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அப்படிச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கதவும், டெயில் லைட்டும், கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்தன. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் இரும்பு வேறு, கதவு வேறு, கியர்பாக்ஸ் வேறு, ஸ்டியரிங் வேறு என்று கடை கடையாகப் பிரிந்து கிடக்கும். முதல் தடவை போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் நாலு கடை சுற்ற வேண்டும். பொருளைக் காட்டினால் கடைக்காரரே பையனை அனுப்பிப் பரணிலிருந்து எடுத்துவரச் சொல்வார். இடதுபக்கக் கதவுக்கு 6,500 சொன்னார், 4,200க்குக் கொடுத்தார். நீல நிறக் கதவு. எங்கள் வண்டி வெள்ளை. பெயிண்ட் அடிக்கும்வரை மூன்று வாரம் தெருவில் எல்லாரும் ஆளுக்கொரு கிண்டல். தகடு, கண்ணாடி, கைப்பிடிக்குப் புதுப்பேட்டை சரி. ரப்பர், பேரிங், பிரேக் சாமான் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கினேன்.

அடுத்தது எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. எங்களுடையது மஞ்சள் போர்டு வண்டி. எட்டு வருஷம் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை காட்ட வேண்டும். 15 வருஷம் கடந்த வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு ஏறியது; நான் போய் நின்றது அதே ஆகஸ்டில். விடுபட்ட வரி, பசுமை வரி, இன்ஷூரன்ஸ், ஒளிரும் ஸ்டிக்கர் என்று பை காலியானது. பத்து வருஷ டீசல் வண்டியை ஓட்டவே கூடாதாமே என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அது டெல்லிப் பகுதிக்கான தடை. சென்னையில் எஃப்.சி. வாங்க முடிகிற வண்டியை ஓட்டலாம்.

டயர் ஐந்து, பேட்டரி, ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருந்தோம். உப்புப் படிந்து பாதிக் குழாய் அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தி எடுத்துத் தந்தார்கள். இப்போது கூலன்ட் தவிர வேறெதுவும் ஊற்றுவதில்லை.

சரி, ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது?

லோடு ஏற்றினால் சமர்த்து, காலியாகப் போனால் குதிரை. பின்பக்க ஸ்பிரிங் பட்டை பாரத்துக்காகச் செய்தது. வெறும் வண்டியில் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத்தண்டில் பதிவாகும். பவர் ஸ்டியரிங் கிடையாது. மண்ணடிச் சந்தில் ரிவர்ஸ் எடுத்து முடித்தால் தோள் இரண்டும் கழன்றுவிடும். கத்திரி வெயிலில் கேபினுக்குள் இன்ஜின் சூடு காலடியிலிருந்து ஏறும். அதற்கு மாற்று ஈரத்துண்டுதான். கல்யாணக் காய்கறிக்காக விடிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போகிறபோது மட்டும் அவ்வளவு சுகம். காலி ரோடு, திறந்த ஜன்னல், மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும் பாலங்கள். ஊருக்குள் லிட்டருக்கு பத்து, பதினொன்று தருகிறது. மதுரவாயல் பைபாஸில் 60ஐத் தாண்டாமல் போனால் பன்னிரண்டு. அதற்கு மேல் விரட்டினால் டீசலும் குடிக்கும், கதவும் கதறும்.

இரண்டாம் மாசம் பாடி மேம்பாலத்தில் ஆயில் லைட் எரிந்தது. உடனே ஓரம் கட்டினேன். டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கென்று தனியாக வேக்குவம் பம்ப் உண்டு. எங்கள் வண்டியில் அது டைனமோவின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இன்ஜின் ஆயில் போகும் சின்ன ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. நூறு ரூபாய்ச் சாமான். மற்ற எல்லா ஹோஸையும் மாற்றிவிட்டு, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் விட்டவன் நான். இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும். நின்ற வண்டியில் ரப்பரைக் கண்ணால் நம்பாதீர்கள். வளைத்துப் பாருங்கள், உள்பக்கம் கோடு கோடாக வெடிப்பு தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கடைத் தெருவில் தண்ணீர் பாதிச் சக்கரத்துக்கு ஏறியது. முன்னாலேயே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்யவில்லை. பின்சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் மேலே காற்று போகும் சின்ன மூச்சுக்குழல் ஒன்று இருக்கும்; அது முங்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும். அடி நட்டைத் திறந்தபோது ஆயில் காபி நிறத்தில் வந்தது. அதை மாற்றி, டிரம்களைக் கழற்றித் துடைத்து, பின்சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் போட்டு முடித்த பிறகுதான் வெளியே எடுத்தோம். அன்று சாயங்காலமே கடை அண்டாவில் சாம்பார் சாதம் ஏற்றிக்கொண்டு புளியந்தோப்புப் பக்கம் போனோம். கார் நுழையாத தண்ணீரில் இது நிதானமாக நடந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் மட்டும் தலைவைக்கவில்லை; மழை பெய்தால் அங்கே எந்த வண்டிக்கும் வேலை கிடையாது.

லாபமா என்று கேட்டால், வாடகை வண்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காசு மிச்சமாகிறது, அவ்வளவுதான். மாசம் ஏழெட்டு ஆர்டராவது இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். தினம் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களும் வேண்டாம். அவர்களுக்குப் புது வண்டிதான் கட்டும். வாரத்துக்கு மூன்று நாலு நடை, பக்கத்திலேயே பழகிய மெக்கானிக், சேஸில் துரு இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். வேலையில்லாத வாரத்திலும் ஒரு நாள் மாதவரம் வரைக்குமாவது ஓட்டிவிட்டு வருகிறேன்.

இன்னும் தீராத ஒன்று, இரண்டாவது கியர். மூன்றிலிருந்து இறக்கும்போது கரகரவென்று கடிக்கிறது. கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டதாம். கியர்பாக்ஸை இறக்கினால் 15,000 ஆகும், இப்படியே ஓட்டினால் இன்னும் இரண்டு வருஷம் போகும் என்கிறார் பாய். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் அப்பாவுக்கு அந்தச் சத்தம் பொறுக்காது. "நியூட்ரல்ல கிளட்ச்ச விட்டு ஒரு தடவ ஆக்சிலேட்டர மிதி, அப்புறம் மறுபடி கிளட்ச்ச மிதிச்சுப் போடு. அந்தக் காலத்துல லாரியெல்லாம் அப்படித்தான் ஓட்டினோம்" என்றார். செய்தேன், சத்தமில்லாமல் விழுந்தது. கியர்பாக்ஸை இன்னும் இறக்கவில்லை.