கையோடு வந்த கியர் குமிழ்: ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று விற்றார்கள்

மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தேன். குமிழ் மட்டும் கையோடு வந்துவிட்டது. லிவர் மூன்றாவதிலேயே நின்றது. திரும்பிக்கொண்டிருந்தது ஒரு வளைவில், பின்னால் லாரி. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து ஓரங்கட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு மொட்டைக் கம்பியைப் பிடித்துத்தான் கியர் மாற்றி வீடு வந்தேன். குமிழை மாட்டி அன்றோடு ஒன்பதே நாள்.

பழைய குமிழில் தோல் உரிந்து விரலில் பிசுபிசுத்தது. அதற்காகத்தான் கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போனேன். பளபளக்கும் அலுமினியக் குமிழ் ஒன்றை எடுத்து வைத்தார்கள். “எல்லாக் காருக்கும் பொருந்தும்” என்று பெட்டியிலும் அச்சிட்டிருந்தது, கடைக்காரரும் சொன்னார். என் கார் எந்த மாடல் என்றுகூட யாரும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லிவர் கம்பியின் உச்சியில் இருக்கும் மரை எல்லாக் காரிலும் ஒன்றல்ல. 8, 10, 12 மில்லிமீட்டர் என்று கம்பியின் தடிமன் மாறும். தடிமன் ஒன்றாக இருந்தாலும் மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி மாறும்: 10 மில்லிமீட்டர் கம்பியிலேயே 1.25 இடைவெளியும் உண்டு, 1.5 இடைவெளியும் உண்டு. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில கார்களில் மரையே கிடையாது. குமிழை அழுத்திச் செருகுவதோடு சரி. பல ஆட்டோமேட்டிக் கார்களில் குமிழின் பொத்தான் உள்ளே ஒரு கம்பியை அழுத்த வேண்டும், அதற்கு இந்த வகைக் குமிழ் ஆகவே ஆகாது.

‘எல்லாக் காருக்கும்’ என்பதன் பொருள், குமிழுக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்க, வெவ்வேறு அளவில் நாலைந்து மரை வளையங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன என்பதுதான். அவற்றில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது மாட்டுகிறவர் பொறுப்பு. எனக்கு மாட்டிவிட்ட கடை ஆள் முதலில் கைக்குக் கிடைத்ததை வைத்துத் திருகினார். பழைய குமிழைக் கழற்றியபோது நான் எண்ணினேன், ஏழரைச் சுற்று. (சகுனம் அப்போதே சொல்லியிருக்கிறது!) புதிய வளையம் இரண்டரைச் சுற்றிலேயே இறுகி நின்றது. அங்கேயே நிறுத்தி வேறு வளையத்தைப் போட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. அவரோ ஓர் இடுக்கியால் கம்பியின் மரைமேலேயே கவ்விப் பிடித்து, இன்னொன்றால் வளையத்தை முறுக்கினார். கிறீச்சென்று ஒரு சத்தம், கம்பியடியில் வெள்ளித் தூளாக அலுமினியப் பொடி. “புதுசு, அப்படித்தான் இருக்கும் சார்” என்றார்.

அடுத்தது எண்களை நேராக்குவது. குமிழ் இறுகி நின்ற இடத்தில் 1, 2, 3 எல்லாம் கால் சுற்று திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கால் சுற்றைத் தளர்த்தினார், ஆடியது. சட்டைப்பையிலிருந்து உடனடிப் பசைக் குழாயை எடுத்து நான்கு சொட்டு விட்டார். வேலை முடிந்தது.

இதைச் செய்ய வேண்டிய முறை ஒரு பூட்டு நட்டில் இருக்கிறது. பெட்டியிலேயே இருந்தது, அவர் தொடவே இல்லை. முதலில் நட்டைக் கம்பியில் கீழ்வரை இறக்கிவிட வேண்டும். சரியான மரையுள்ள குமிழைக் கையாலேயே முழுவதும் ஏற்றி, எண்கள் நேராக வரும்வரை சற்றுப் பின்னுக்குத் திருப்ப வேண்டும். பிறகு ஒரு கையால் குமிழை அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மேலே கொண்டுவந்து அதன் அடியில் ஸ்பானரால் இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். 1.5 இடைவெளி மரையில் கால் சுற்று திருப்பினால் குமிழ் அரை மில்லிமீட்டர்கூட உயராது. இதற்குப் பசை எதற்கு? மரைக்கென்றே உள்ள பசையைப் போட்டுத்தான் தீர வேண்டுமென்றால், ஸ்பானரால் பிறகு கழற்றக்கூடிய நடுத்தர வலு வகை போதும். பொதுவாக நீல நிறத்தில் வரும். சிவப்பு வகையைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், கார் இருக்கைக்கு நடுவில் அது ஆகிற வேலையா?

அன்று மாலையே இன்னொரு கோளாறு தெரிந்தது. என் காரில் ரிவர்ஸ் போடக் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். புதிய குமிழின் அகன்ற அடிப்பாகம் இடித்ததால் வளையம் பாதி தூரமே ஏறியது. மூன்று முறை முயன்றால் ஒருமுறை ரிவர்ஸ் விழும். பழகிவிடும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். என் முட்டாள்தனத்தையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்.

குமிழ் கையோடு வந்த மறுநாள் கடைக்குப் போனேன். நான் முரட்டுத்தனமாகக் கியர் போட்டதால்தான் கழன்றது என்றார் கடைக்காரர். கம்பியில் இடுக்கிப் பல் பதிந்த தடத்தைக் காட்டினேன். பில்லில் குமிழின் விலை மட்டுமே இருக்கிறது, மாட்டிக் கொடுத்தது இலவசம், அதற்குப் பொறுப்பேற்க முடியாது என்றார். கடைசியில் பெருந்தன்மையோடு இன்னொரு குமிழ் தருவதாகச் சொன்னார். அதே குமிழ்! இதனால் சொல்கிறேன், மாட்டும் வேலையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய குமிழைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்; என்னுடையது குப்பைக் கூடைக்குள் போய்விட்டது, நான்தான் குனிந்து எடுத்தேன்.

ஆனால் அந்தப் பழைய குமிழும் இப்போது ஏறவில்லை. மனிதர்களைத்தான் மரை கழன்றவர் என்போம், என் லிவருக்கே அது நேர்ந்துவிட்டது. லேத் பட்டறையில் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்து, “கம்பி ஒன்றரை, இவர்கள் ஏற்றியது ஒன்றேகால்” என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். மரை இடுக்கில் அடைத்திருந்த அலுமினியத்தையும் காய்ந்த பசையையும் ஊசியால் கிளறி எடுத்தார். பிறகு எண்ணெய் விட்டு, 10க்கு 1.5 மரை வெட்டும் டையைப் பொறுமையாக இறக்கி ஏற்றினார். மேலே இரண்டு மரையின் முனை மழுங்கியது மழுங்கியதுதான். இன்னொரு முறை இடுக்கி பட்டால் கன்சோலைப் பிரித்து லிவரையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

பழைய குமிழை அங்கேயே வைத்துக் கையால் திருகினேன். ஏழரைச் சுற்று, எண்கள் நேராக நின்றன. வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், முதல் முயற்சியிலேயே விழுந்தது. தோல் மட்டும் இன்னும் விரலில் ஒட்டுகிறது.