ஹோண்டா ஹெச்ஆர்எக்ஸ் 217: ஐந்து வருடம் தள்ளிப் பார்த்ததில் தெரிந்த எழுத்து வித்தியாசம்

இந்தப் புல்வெட்டியை 2020 ஏப்ரலில் வாங்கினேன். ஊரடங்கு நேரம். புல் வெட்ட வந்துகொண்டிருந்தவர் வருவதை நிறுத்திவிட்டார், புல் மட்டும் நிறுத்தவில்லை. வட கரோலினாவில் ஏப்ரல் மாதம் ஃபெஸ்க்யூ புல் எப்படி வளரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு வாரம் விட்டால் முட்டி, இரண்டு வாரம் விட்டால் ஹெச்ஓஏ-விலிருந்து (வீட்டு உரிமையாளர் சங்கம்) கடிதம். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் நேரில் வந்து திட்டிவிட்டுப் போவார், இங்கே லெட்டர்ஹெட்டில் திட்டுவார்கள்.

எங்கள் வீடு கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் சமதளம், பின்னால் செம்மண் சரிவு, வேலியோரம் ஓக் மரம் இரண்டு, ஸ்வீட்கம் ஒன்று. (அந்த ஸ்வீட்கம் காய் இருக்கிறதே, நெருஞ்சி முள்ளுக்குப் பெரியப்பா.) இந்த மரங்களை ஏன் சொல்கிறேன் என்றால், நான் தப்பான மாடல் வாங்கியதற்குக் காரணமே மரங்களைக் கணக்கில் எடுக்காமல் புல்லை மட்டும் பார்த்ததுதான்.

ஹெச்ஆர்எக்ஸ் 217 என்று அன்றைக்குக் கடைக்குப் போனால் ஒரே மாதிரி வரிசையாக நிற்கும்: விகேஏ, விஒய்ஏ, விஎல்ஏ, ஹெச்ஒய்ஏ, ஹெச்இசட்ஏ. எல்லாவற்றிலும் 21 அங்குல வெட்டு அகலம், 200 சிசி எஞ்சின், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளேடு, துருப்பிடிக்காத பாலிமர் டெக் (பிளேடை மூடியிருக்கும் கூடு), வெட்டின புல்லைத் தூளாக்கித் தரையிலேயே விடுவதா பையில் பிடிப்பதா என்று மாற்ற ஒரு லீவர். வீட்டு உபயோகத்துக்கு ஐந்து வருட வாரன்டி. வெட்டின பிறகு லானைப் பார்த்து இது எந்த மாடல் வெட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. நிஜமாகவே.

அந்த எழுத்துகளில் முதலாவது, வண்டி எப்படி நகர்கிறது என்பது. வி என்றால் கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற அளவுக்கு வேகம். ஹெச் என்றால் ஹைட்ரோஸ்டாட்டிக் (எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது), ஒரு லீவரைத் தேவையான இடத்தில் வைத்துவிட்டால் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். நடு எழுத்துதான் முக்கியம், நான் அன்றைக்குக் கவனிக்காமல் விட்டதும் அதைத்தான். அமெரிக்காவில் 1982-லிருந்து ஒரு விதி, கைப்பிடியை விட்டால் மூன்று வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். கே மாடலில் கையை விட்டதும் பிரேக் விழுந்து எஞ்சினே அணைந்துவிடும். ஒய் மாடலில் நடுவில் ஒரு கிளட்ச் இருக்கிறது, பிளேடு மட்டும் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். எல் என்றால் எஞ்சின் அணைந்துவிடும், ஆனால் சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ணலாம். இசட்டில் கிளட்சும் உண்டு, சாவியும் உண்டு.

நான் வாங்கியது விகேஏ. இருப்பதிலேயே விலை குறைவு. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, இதற்குப் போய் எதற்கு நூறு டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மே, ஜூன், ஜூலை எல்லாம் கணக்கு சரியாகவே இருந்தது. மூன்றரை அங்குல உயரத்தில் வைத்து, தூளாக்கித் தரையிலேயே விட்டுவிட்டு, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

நவம்பர் வந்தது. ஓக் இலை ஈரத்தோடு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. பையை மாட்டி வாரினால் ஐந்து நிமிடத்தில் பை நிறைந்துவிடும். கையை விடு, எஞ்சின் அணையும், பையைக் கழற்று, வேலியோரம் கொட்டு, திரும்பி வா, மாட்டு, கயிற்றை இழு. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். நடுவில் மகனுடைய பந்து, தண்ணீர்க் குழாய், ஒடிந்து விழுந்த கிளை, ஒவ்வொன்றுக்கும் கையை விட்டாக வேண்டும். ஒரு சனிக்கிழமை எண்ணியே பார்த்தேன், பதினேழு தடவை இழுத்திருக்கிறேன். மறுநாள் காலையில் தோசைக் கரண்டியைத் தூக்கும்போது வலது தோள் சொல்லிக் காட்டியது.

நண்பர் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், அவரிடம் ஹெச்ஒய்ஏ. ஊருக்குப் போயிருந்த மூன்று வாரம் அவர் லானையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி வண்டியையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார். கையை விட்டதும் பிளேடு நிற்கிற அந்த 'டக்' சத்தம், அப்புறம் எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டு நிற்பது, பையைக் கொட்டிவிட்டு வந்து ஒரு பொத்தானை அழுத்தி கைப்பிடியைப் பிடித்தால் மறுபடி வேலை ஆரம்பம். செம்மண் ஓடையைத் தாண்டும்போது பிளேடை நிறுத்திவிட்டு வண்டியை அதன் சக்தியிலேயே ஓட்டிப் போகலாம். என்னுடையதில் அது முடியாது, வண்டி நகர்ந்தால் பிளேடும் சுற்றும்.

ஹைட்ரோஸ்டாட்டிக் எனக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நீளமான நேர்க்கோட்டில் சுகம்தான், சரிவிலும் ஒரே வேகம். ஆனால் பூச்செடிப் பாத்திகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும்போது எனக்குக் கட்டைவிரல் கட்டுப்பாடுதான் பழக்கம். மனைவிக்கு நேர் எதிர்: "விரலை அழுத்திக்கிட்டே நடக்கணுமா, அதை வச்சிட்டுப் போனா போதும்." ஒரே வீட்டில் இரண்டு பேர் தள்ளினால் இரண்டு பேரும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அவரவர் நடை வேறு.

ஆக, என் மனைக்கு ஏற்றது விஒய்ஏ. கட்டைவிரல், கூடவே கிளட்ச். மரமே இல்லாத, வேலி இல்லாத, பை மாட்டாத லான் என்றால் விகேஏ தாராளமாகப் போதும், நான் சொன்னதை மறந்துவிடுங்கள். ஹெச்ஆர்என் 216 என்று விலை குறைந்த தம்பி ஒன்று இருந்தது, இரும்பு டெக், மூன்று வருட வாரன்டி. இங்கே ஜூலையில் புல் எப்போதுமே ஈரம், டெக்குக்கு அடியில் களி மாதிரி ஒட்டும். ஒவ்வொரு தடவையும் சுரண்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது என்பதால் பாலிமருக்குப் போனேன்.

பராமரிப்பில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டுமே என் தப்பு. முதல் குளிர்காலத்தில் டேங்கில் பெட்ரோலோடு கராஜில் தள்ளிவிட்டேன். பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், மார்ச்சில் பார்த்தால் கார்புரேட்டருக்குள் வெல்லப்பாகு மாதிரி. ரிப்பேர்க் கடையில் மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள், ஏப்ரலில் ஊரே அங்கேதான் நிற்கும். இப்போதெல்லாம் டிசம்பரில் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக அணையும் வரை ஓட விட்டுவிடுகிறேன், அதற்கப்புறம் தொந்தரவே இல்லை. இன்னொன்று, பிளேடு தீட்ட வண்டியைச் சாய்த்தபோது ஏர் ஃபில்டர் பக்கம் கீழே வரும்படி சாய்த்துவிட்டேன். ஃபில்டர் முழுக்க ஆயில், ஸ்டார்ட் பண்ணினால் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை, எதிர்வீட்டுத் தாத்தா தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்தார். ஃபில்டர் எப்போதும் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயில் மாற்ற அரை லிட்டர்கூடத் தேவைப்படாது, அதில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல். இதைத் தயாரித்த ஸ்வெப்சன்வில் தொழிற்சாலை எங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது, 2023 செப்டம்பரோடு அங்கே புல்வெட்டி தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இனி பழசு தேட வேண்டியதுதான். பழசு வாங்கினால் பிளேடை ஓட விட்டுக் கையை விட்டுப் பாருங்கள், மூன்று எண்ணுவதற்குள் நிற்க வேண்டும். ஒய் மாடலில் பிளேடு உடனே நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், கிளட்ச் மாற்றுவது சின்னச் செலவு இல்லை. புதுசுதான் வேண்டும் என்றால், கால் ஏக்கருக்கு நான் இன்றைக்கு பேட்டரி வண்டிதான் பார்ப்பேன். கையை விட்டால் மோட்டார் நிற்கும், பொத்தானைத் தொட்டால் ஓடும், இந்தக் கே, ஒய் தலைவலியே கிடையாது. ஈர இலைக்கு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மட்டும் வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நண்பர் அடுத்த மாதம் டெக்சஸுக்கு மாறுகிறார், அபார்ட்மென்ட். ஹெச்ஒய்ஏ-வை எனக்குத் தருகிறீர்களா என்று கேட்டேன். "தயாரிப்பை நிறுத்திட்டாங்க, தெரியுமில்ல?" என்று ஆரம்பித்து, வாங்கின விலைக்கு மேல் ஐம்பது டாலர் சொல்கிறார். மூன்று வாரம் அவர் லானை வெட்டின கூலியைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.