7 நாள் வெட்டுப்புள்ளி: எண்ணுவதா, கேர்னலா?

கொழும்பு மாடிக் கட்டடமொன்றின் கொங்கிரீட்டை 7ஆம் நாள் கியூப் சோதனையிலேயே (கனசதுர மாதிரியை நசுக்கி வலிமை பார்ப்பது) வடிகட்ட வேண்டும். அதற்கு எந்த வலிமையை வெட்டுப்புள்ளியாக வைப்பது? தேறியவற்றில் 95 வீதம் 28ஆம் நாளில் 25 மெகாபாஸ்கலைத் தாண்ட வேண்டும்.

எண்ணும் முறைக்கு எக்ஸெல் போதும். 7 நாள் வலிமையும் 28 நாள் வலிமையும் சேர்ந்த 200 சோடிகளை 7 நாள் வலிமைப்படி அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே எத்தனை வீதம் 28ஆம் நாளில் 25ஐத் தாண்டின என்று பாருங்கள். விகிதம் ஏறியிறங்கும், மேல்நுனியில் பத்தே சோடி மிஞ்சினால் ஒரு தோல்வி 90க்கு இறக்கிவிடும்.

கேர்னல் முறை, அதாவது ஒவ்வொரு சோடியின் எடையையும் அருகிலுள்ள மதிப்புகளுக்கும் பரப்பிக் கணிப்பது, இந்தப் படிகளை வழவழப்பாக்கும். எவ்வளவு தூரம் பரப்புவது என்ற அகலம்தான் வில்லங்கம். அடர்த்திச் சார்புக்கான (எந்த மதிப்பைச் சுற்றி தரவு எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதற்கான) அகல விதியை அப்படியே போட்டால் 200 சோடிக்கு நியம விலகலின் 0.37 மடங்கு வரும். இங்கே தேவையான பரம்பல் சார்புக்கு (ஒரு புள்ளிவரை எத்தனை வீதம் என்பதற்கு) அது அதிகம், வெட்டுப்புள்ளி நகர்ந்துவிடும். அகலத்தைக் குறைத்தால் கேர்னலே என் தெரிவு.

ஒரே வார்ப்பின் கியூப்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. எந்த முறையானாலும் பிழை எல்லை காண்பதற்கான மீள்மாதிரியை (இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப எடுக்கும் மாதிரி) வார்ப்பு வார்ப்பாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் பிழை எல்லை பொய்யாகக் குறுகும்.