ராபமைசினா, மெட்ஃபார்மினா, நாற்காலியா?

ஆடி பிறந்தால் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கர்க்கடக மாதம். வீட்டுக்கு வீடு மருந்துக் கஞ்சி. இந்தப் பக்கம் செங்கோட்டை, புளியரையிலும் பெரியவர்கள் குடிப்பதுண்டு. தளர்ந்த உடம்பைத் தேற்றும் அதே ஆசைதான் ஆய்வுக்கூடங்களிலும். முதுமைத் தளர்ச்சிக்கு அங்கிருந்து வந்த மூன்றை எடைபோடுவோம்: ராபமைசின், மெட்ஃபார்மின் என்ற இரு மருந்துகள், ஒரு நாற்காலிப் பயிற்சி.

சுண்டெலியில் முந்துவது ராபமைசின். 2009-இல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதான எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தும் உச்ச ஆயுள் பெண் எலிக்கு 14%, ஆணுக்கு 9% கூடியது. செல்லை 'வளர்' என்று முடுக்கும் எம்டார் புரதத்தை அது அடக்க, செல் தன் பழைய கழிவைச் செரிக்கத் தொடங்குகிறது. ஆனால் சிறுநீரக மாற்று செய்தவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக் கொடுப்பதும் இதே மருந்துதான். வாய்ப்புண் வரும், கொழுப்பு ஏறும், காயம் ஆறத் தாமதமாகும். காலில் புண் உள்ள சர்க்கரைக்காரர் இதைத் தொடவே கூடாது.

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் மலிவு, பழகியது. தனியாகக் கொடுத்தபோது எலியின் ஆயுளை அது குறிப்பிடும்படி கூட்டவில்லை. நாள்பட்டால் பி12 குறையும். 65 வயதைத் தாண்டியவர்களிடம் 14 வாரம் நடந்த ஆய்வில், எடைப் பயிற்சியோடு இதையும் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே ஏறியது. சர்க்கரைக்காக எடுப்பவர் நிறுத்த வேண்டாம். சர்க்கரை இல்லாதவர் இளமைக்கென்று தொடங்கவும் வேண்டாம்.

நம் தேர்வு நாற்காலி, அதாவது அதில் எழுந்து உட்காரும் கால் பயிற்சி. 1990-இல் வெளியான ஆய்வில், சராசரி 90 வயதுள்ளவர்கள் 8 வாரம் கனமான எடை தூக்கிக் கால் வலுவை 174% கூட்டினார்கள்.

கைப்பிடியில்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கைகளை மார்பில் கட்டி ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் தேய்வு இருக்கலாம். பயிற்சிக்கு வாரம் மூன்று நாள், 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத்தான் எழ வேண்டும். 12 எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ மணல் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பலர் தோற்பது எடையைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதையே செய்வதால்தான். எழும்போது மூச்சை விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். மூட்டு வலித்தால் பலகை வைத்து இருக்கையை உயர்த்தலாம்.

தீனியில்லாமல் தசை ஏறாது. 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். கஞ்சி மட்டும் அதைத் தராது. நூறு கிராம் சாளை மீனில் ஏறக்குறைய 20, இரண்டு முட்டையில் 12. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யட்டும்.