உச்சி வெயிலில் கோட்டைக்குக் கூட்டிப்போகும் அரைநாள் ஓட்டோ சுற்றுலா

யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்த விடுதியிலேயே ஒழுங்கு செய்து தந்தார்கள், 6000 ரூபா. கையில் தந்த தாளில் 9 மணி நல்லூர், 10.30 நூலகம், 12 மணி கோட்டை, 1 மணிக்கு முடிவு என்று இருந்தது. 12 மணிக்குக் கோட்டை! ஒதுங்க நிழல் தேடி அலைய வேண்டிய இடம் அது. தாள் எழுதியவர் கமராவைத் தொட்டே இருக்க மாட்டார்.

நல்லகாலம், ஓட்டோ அண்ணை என் கமராப் பையைப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தத் தாளை விடுங்கோ, காலமை வெள்ளெனக் கோயில், பின்னேரம் கோட்டை, நடுவில போய்ப் படுங்கோ" என்றார்.

அடுத்த நாள் 6 மணிக்கே நல்லூர். உள்ளே படம் எடுக்கக் கூடாது, ஆண்கள் சட்டையைக் கழற்றத்தான் வேண்டும், அதனால் கமராவுக்கு வெளிவீதி மணல்தான். இளவெயில் கோபுரத்தில் விழுந்த அந்த அரைமணி நேரமே போதுமாக இருந்தது. திரும்பும் வழியில் சங்கிலியன் தோப்பு வளைவு, பழைய அரண்மனை வாசல் என்று சொல்வார்கள். மின்கம்பி குறுக்கே வராமல் எடுக்க வீதியோரம் குந்தியிருந்து நாரி பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு 2003இல் மறுபடி திறந்தது. உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், வெளியில் நின்று எடுத்தால் போதும்.

பின்னேரம் 4.30க்குக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பிறகு ஐங்கோணமாகப் பெருப்பித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனால் சுவர் முழுக்கப் பவளப்பாறைக் கல் என்பது சரிந்த வெயில் பட்டால்தான் கண்ணில் படும், ஒவ்வொரு துவாரத்திலும் நிழல் விழுந்து தேன்வதை மாதிரி இருக்கும், கிட்டப் போய் அதைத்தான் நாற்பது படம் எடுத்தேன். உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் இருந்த இடம் இப்போது கற்குவியல். அண்ணையிடம் கேட்டேன், "அது சண்டைக்க அழிஞ்சு போச்சுது" என்றார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சரித்திரம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் இவர் சரிவர மாட்டார். அப்புறம் மதிலில் ஏறிப் பண்ணைக் கடல் பக்கம் பார்த்தபடி இருந்தோம். இடுப்பளவு தண்ணீரில் வலையோடு ஒருவர், பின்னால் சூரியன், அந்தப் படம் இப்போது என் போன் முகப்பில் இருக்கிறது.

இரவு விடுதியில் "இரண்டு தரம் போயிருக்கிறீர்கள்" என்று 1500 கூடக் கேட்டார்கள். அதில் அண்ணைக்கு எவ்வளவு போகும் என்று கேட்டேன், பதில் இல்லை. கொடுத்தேன். அண்ணையின் நம்பர் என்னிடம் இருக்கிறது, அடுத்த முறை நேரே அவருக்குத்தான் எடுப்பேன்.