பழைய கணப்பு இருக்கும் வீடு: விறகு இன்செர்ட்டா, பெல்லட்டா, காஸா?

ஒன்ராறியோவில் ஐம்பது வருடப் பழைய வீடு வாங்கியவர்கள் பலருடைய வரவேற்பறையில் செங்கல் கணப்பு ஒன்று இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் திறந்த கணப்பில் விறகு தரும் சூட்டில் 10, 15 வீதம் அறையில் தங்கினாலே பெரிது. தீ எரிய எரிய, ஃபர்னஸ் காசு செலவழித்துச் சூடாக்கிய காற்றையும் அது புகைபோக்கி வழியே இழுத்து வெளியே விடும். அந்த இடத்தை நிரப்ப யன்னல் இடுக்கெல்லாம் குளிர்காற்று நுழையும். முன்னால் இருப்பவருக்கு முழங்கால் சுடும், பின்னறையில் இருப்பவருக்கு விரல் விறைக்கும். தணல் முழுதும் அவியும்வரை டாம்பரை, அதாவது புகைபோக்கியின் அடிவாயை அடைக்கும் தகட்டை, மூடவும் முடியாது. சூட்டுக்காக என்றால் இதைப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம்.

மிச்சம் மூன்று வழிகள்: விறகு, பெல்லட் (மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகள்), காஸ். மூன்றுமே அந்தச் செங்கல் குழிக்குள் செருகும் இன்செர்ட்கள்தான், எரிபொருள்தான் வேறு.

விறகு இன்செர்ட் என்பது கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே போகும் காற்றை ஒரு பிடி கட்டுப்படுத்தும். மேற்பக்கத்தில் உள்ள துளைக் குழாய்கள் வழியே சூடான காற்று வந்து புகையோடு கலக்க, புகையே பற்றி எரியும். அதனால்தான் 65 முதல் 80 வீதம் வரை சூடு கிடைக்கிறது. வாங்கும்போது மணிக்கு எத்தனை கிராம் துகள் விடுகிறது என்று பாருங்கள். மொன்றியலில் 2018 அக்டோபர் முதல் 2.5 கிராமைத் தாண்டும் அடுப்பை எரிக்கவே அனுமதி இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனால் மட்டும் விலக்கு.

பெட்டிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, லைனரில், அதாவது புகைபோக்கிக்குள் இறக்கும் குழாயில், மிச்சம் பிடிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. இன்செர்ட்டின் புகைவாய் பெரும்பாலும் 6 அங்குல வட்டம், அதாவது 28 சதுர அங்குலம். பழைய புகைபோக்கியின் உள்ளளவு 11க்கு 11 என்றால் 121 சதுர அங்குலம். நான்கு மடங்குக்கு மேல் அகலமான வழியில் புகை மெதுவாக ஏறி, ஆறி, சுவரில் கிரியோசோட்டாகப் படியும். தார் போல மினுங்கும் அந்தப் படிவு ஒருநாள் தீப்பிடித்தால் புகைபோக்கியே உலையாகிவிடும். ஆகவே பெட்டியின் வாயிலிருந்து கூரை உச்சி மூடிவரை 316 வகை துருப்பிடிக்காத எஃகு லைனர் முழு நீளத்துக்கும் வேண்டும். புகைபோக்கி வெளிச்சுவரில் இருந்தால் லைனரைச் சுற்றி அரை அங்குலக் காப்புப் போர்வையும் போட வேண்டும். டாம்பர் இருந்த இடத்தை லைனருக்குத் துளை விட்ட தகட்டால் அடைத்து, மேலே ராக்வூல் (கல் நார்ப் பஞ்சு) வையுங்கள். கண்ணாடி நார்ப் பஞ்சு வேண்டாம்; அதன் பசை தீய்ந்து நாறும். இந்தத் தகடு இல்லாவிட்டால் பெட்டியின் சூட்டில் ஒரு பங்கு மேலே போய்ச் செங்கல்லைத்தான் சூடாக்கும்.

அளவெடுக்கும்போது முன்வாயை மட்டும் அளந்து ஏமாறுபவர்கள் உண்டு. குழி பின்னால் ஒடுங்கும். பின்பக்க அகலத்தையும் ஆழத்தையும் எடுங்கள்.

அடுத்தது விறகு. ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்த உள்முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். வெளிமுகம் எப்போதும் நல்ல பிள்ளை போல நடிக்கும். மேப்பிள் ஒரு கோடையில் ஓரளவு காயும், ஓக்குக்கு இரண்டு வருடம். எரியும்போது கட்டையின் நுனியில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ, கண்ணாடி கறுத்தாலோ விறகு பச்சை, அல்லது காற்றை அளவுக்கு மீறி அடைத்திருக்கிறீர்கள். விறகை 'கோர்ட்' என்ற அளவில்தான் விற்பார்கள். 'புஷ் கோர்ட்' என்றால் 128 கன அடி. 'ஃபேஸ் கோர்ட்' 16 அங்குலக் கட்டையானால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வெறுமனே 'கோர்ட்' என்று சொல்பவரிடம் எது என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் பொரிக்கும்போது நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கும் குசினி ஹூட் ஓடும். யன்னல்களும் புதிதாக, இறுக்கமாக மாற்றியிருக்கும். ஹூட்டுக்குத் தேவையான காற்று புகைபோக்கி வழியே கீழே இறங்கும், கூடவே புகையும் வரும். விறகு போடக் கதவைத் திறக்கும் முன் ஹூட்டை நிறுத்துங்கள். தூங்கும் அறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருப்பது ஒன்ராறியோவில் சட்டம்.

பெல்லட் சோம்பேறிகளுக்கு வரம். 18 கிலோ பையைத் தொட்டியில் கொட்டி, தெர்மோஸ்டாட்டை வைத்தால் திருகுத்தண்டு தானே ஊட்டும். கடுங்குளிரில் நாளுக்கு ஒரு பை என்று வையுங்கள். எரிகிண்ணத்தை அடிக்கடி சுரண்ட வேண்டும், விசிறி இரையும். பை ஈரமான பேஸ்மென்ட் தரையில் இருந்தால் பெல்லட் ஊதி மரத்தூளாகிவிடும். மின்சாரம் போனால் பற்றரியோ ஜெனரேட்டரோ இல்லாமல் இது வெறும் பெட்டி.

காஸ் இன்செர்ட்டுக்குச் சாம்பலும் இல்லை, அடுக்கும் இல்லை. காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று என இரண்டு சிறு லைனர்கள், உரிமம் பெற்ற காஸ் தொழில்நுட்பவியலாளர், அவ்வளவுதான். மின்சாரம் இல்லாமலும் எரியும் மாதிரிகள் உண்டு. விசிறி மட்டும் ஓடாது.

இந்த மின்சார விஷயத்தில்தான் தீர்ப்பு திரும்புகிறது. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகள் அறுந்தன, சிலருக்குப் பல நாள் திரும்பவில்லை. காஸ் ஃபர்னஸ் வைத்திருந்தவர்களும் விசிறி ஓடாமல் குளிரில் இருந்தார்கள். விறகு உலர்த்த முற்றமும், தினமும் சாம்பல் அள்ளப் பொறுமையும் இருந்தால் விறகு இன்செர்ட்டை எடுங்கள். நெருக்கமான டவுன்ஹவுஸ் என்றால் மின்சாரம் இல்லாமலும் எரியும் காஸ். பெல்லட்டை, காஸ் குழாய் வராத கிராமப்புற வீட்டுக்கு மட்டும் சொல்வோம்.

எதை வைத்தாலும் சூடு ஓர் அறையில்தான் தேங்கும். சூடான காற்றைத் தள்ளப் பார்க்காதீர்கள். குளிர்ந்த நடைபாதையின் தரையில் சிறு விசிறியை வைத்து, கணப்பு அறையை நோக்கிக் குளிர்காற்றை அனுப்புங்கள். சூடு தானாக மேற்புறத்தால் திரும்பி வரும்.

விறகு என்று முடிவெடுத்தால், முன்பணம் கட்டும் முன் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்தை அழையுங்கள். பலர் 'வெட்' (WETT) சான்று பெற்றவர் விறகடுப்பைப் பார்த்துத் தரும் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள், சிலர் கட்டணத்தைக் கூட்டுவார்கள், சிலர் விறகு என்றாலே காப்புறுதி தர மறுப்பார்கள்.