அடர் நிற பட்டர் கிரீம்: ஜெல் கலரோடு என் அனுபவம்

வீட்டில் பிறந்தநாள் கேக் செய்யும்போது, மேலே பூசும் பட்டர் கிரீமில் (வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் சேர்த்து அடித்தது) இளம் ரோஸும் இளம் நீலமும் துளி கலரிலேயே வந்துவிடும். பாடாய்ப் படுத்துவது சிவப்பும் கறுப்பும்தான். எவ்வளவு சேர்த்தாலும் சிவப்பு ரோஸிலேயே நிற்கும், கறுப்பு சாம்பலிலேயே நிற்கும். பல வருடமாக நான் ஜெல் கலர், அதாவது கெட்டியான உணவுக் கலர்தான் பயன்படுத்துகிறேன். தண்ணீர் போல இருக்கும் கலர் இதற்கு ஆகாது. நிறம் ஏறும் அளவுக்கு ஊற்றினால் கிரீம் இளகிப்போகும், திரிந்தும் போகலாம்.

ஜெல் கலருக்கு வேண்டியது நேரம். பட்டர் கிரீமில் கொழுப்புதான் அதிகம்; சாதாரண ஜெல் கலர் நீரில் கரைவது. வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம்தான் நீர். அந்தக் கொஞ்ச நீரில் கலர் மெல்லப் பரவ வேண்டியிருக்கிறது. அதனால் முந்தின நாள் இரவே கலந்து, வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, மூடி வைத்துவிடுவேன். காலையில் திறந்தால் நிறம் நன்றாக ஏறியிருக்கும். உடனே நிறம் வரவில்லை என்று பாட்டிலைப் பிதுக்கிக்கொண்டே இருந்தால் கசப்புதான் மிஞ்சும், சிவப்பில் குறிப்பாக.

அவசரம் என்றால் ஹேண்ட் பிளெண்டர் கைகொடுக்கும். கிரீமில் ஒரு சிறு பங்கை எடுத்து லேசாக உருக்கி, திரும்பக் கலந்து, பிளெண்டரை உள்ளே அமிழ்த்தி ஓட்டுவேன். கத்தியைச் சுற்றி முதலில் அடர் சிவப்புக் கோடுகள் சுழலும். பிறகு அந்த வெளிறிய ரோஸ் முழுவதும் கண்ணெதிரே சிவப்பாகும். அடிக்கும்போது சேர்ந்த காற்றுக் குமிழிகள்தான் நிறத்தை வெளிறிக் காட்டுகின்றன. அவை உடைந்ததும் கிரீம் வழவழப்பாகவும் ஆகிவிடும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கறுப்புக்கு வெள்ளைக் கிரீமில் தொடங்கவே வேண்டாம். கோகோ பவுடர் போட்ட கிரீமில் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது, சுவையும் நன்றாக இருக்கும். நீலத்தில் சிக்கல் வேறு. வெண்ணெயின் மஞ்சள் அதைப் பச்சைப் பக்கம் இழுக்கும். வெண்ணெய் வெளுக்கும்வரை நன்றாக அடித்து, பல்குச்சி முனையளவு ஊதா சேர்த்தால் சரியாகிவிடும். ஊதாவை மட்டும் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அதிலுள்ள ரோஸ் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சும்.

கொழுப்பில் கலக்கும் எண்ணெய்க் கலரும் வைத்திருக்கிறேன். உருக்கிய சாக்லேட்டுக்கு அதுதான் வேண்டும். நீர் கலந்த ஜெல் பட்டால் சாக்லேட் இறுகிக் கட்டியாகிவிடும். பட்டர் கிரீமுக்கும் எண்ணெய்க் கலர் நன்றாகவே வேலை செய்கிறது.

கேக் முழுவதையும் கறுப்பாகவோ சிவப்பாகவோ பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளின் நாக்கு, பல், சட்டை எல்லாம் கறையாகும். அடியில் சாக்லேட் கிரீமோ இளம் நிறமோ பூசி, பெயருக்கும் பூவுக்கும் ஓரத்துக்கும் மட்டும் அடர் நிறம் கொடுத்தாலே கேக் எடுப்பாகத் தெரியும். அப்புறம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக் வியர்க்கும். வெள்ளைமேல் எழுதிய சிவப்பு அந்த ஈரத்தில் கசியும். அதனால் கேக்கை வெளியே எடுத்து, வியர்வை காய்ந்த பிறகுதான் எழுத்தைப் போடுகிறேன்.